பிரிவும் பரிவும்

இல்லத்தில் உடன் வாழ்ந்த வாயில்லா உயிர் மறையுமாயின், வீடே வெறுமையாகிறது. நாம் பல்லாண்டு வளர்த்த இரு நாய்கள் ஓராண்டிற்குள் அடுத்தடுத்து இறந்தபோது, "பற்று வைத்தால் துன்பமே, இனி எவ்வுயிரையும் வளர்க்க வேண்டாம்" என்று உற்றார் அறிவுரை கூறினர். அக்காலத்திலேயே, தாயற்ற பூனைக்குட்டிகளைச் சில வாரங்கள் வளர்த்துத் தர இயலுமா என்று விலங்குக் காப்பகம் ஒன்றிலிருந்து வேண்டுகோளும் வந்தது. இவ்விரண்டில் எதனைக் கேட்பது அறம்? நம் அறநூல்களின் துணைகொண்டு ஆராய்வோம்.

பற்றறுத்தல் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், துயருக்கு அஞ்சி ஒதுங்குதல் பற்றறுத்தல் ஆகுமா? விரும்பியதைப் பிரிந்து, அதனையே எண்ணி எண்ணி வருந்துவதை இஷ்ட வியோகம் என்று பெயரிட்டு, ஆர்த்த தியானத்தின் நான்கு வகைகளுள் ஒன்றாக வைத்தனர் நம் ஆசாரியர்கள். "இனி வேண்டாம்" என்னும் உறுதியை உற்று நோக்குமின்! மறைந்த உயிரின் மீதுள்ள பற்று அப்படியே இருக்கிறது. நம் மனம் நோகலாகாது என்னும் எண்ணமும் இருக்கிறது. பிற உயிர்க்குச் செய்யும் உதவி ஒன்றே விடப்பட்டது. இதனைத் துறவு என்று எவ்வாறு கூறுவது?

மறைந்ததன் இடத்தை மற்றொன்றிற்குத் தருவது நன்றி கொன்றதாகும் என்பாரும் உளர். ஏப்ரலில் ஒரு வகுப்பை அனுப்பிவிட்டு, சூனில் புதிய முகங்களை ஏற்பது ஆசிரியர் தொழில். அதனால் பழைய மாணவரை மறந்தோம் என்று எவரும் கூறார். உயிர் ஒவ்வொன்றும் தனித்தனி என்பது நம் கொள்கை. ஆகவே ஒன்றிற்கு மற்றொன்று மாற்றாதல் இயலாது. வந்த உயிரை அதனதன் தேவைக்காகவே ஏற்றல் வேண்டும்.

சீவக சிந்தாமணியில், அடிபட்டு உயிர் பிரியும் நிலையில் கிடந்த நாயைச் சீவகன் காண்கிறான். அது அவன் வளர்த்த நாய் அன்று. எஞ்சியிருந்த சிறு பொழுதில் அதற்குப் பஞ்ச மந்திரத்தை ஓதினான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. தனது என்னும் உரிமை இன்றியும் கருணை நிறைவு பெறும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, நம்மவர் எழுப்பும் வலிய தடையைக் காண்போம். பூனை ஊனுண்ணும் உயிர். தக்கவாறு அமைத்த தாவர உணவில் நாய் நலமுடன் வாழக்கூடும். பூனையின் நிலை வேறு. டாரின் என்னும் சத்து குறைந்தால் பூனை பார்வை இழக்கும்; இதயமும் நலியும். இவ்விதய நோய்க்கு அக்குறை காரணமாதலை 1987-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பாலும் சோறும் மட்டும் இட்டு வளர்ப்பது அதற்கு இழைக்கும் தீங்காகும். கொல்லாமை அணுவிரதத்திற்குரிய ஐந்து குற்றங்களுள், உணவும் நீரும் தடுத்தல் ஒன்றன்றோ? எனவே பூனைக்கு ஏற்ற உணவளிக்க மனம் ஒப்பாதவர், வளர்ந்த பூனையை ஏற்காதிருத்தலே நேர்மை. டெல்லி செங்கோட்டைக்கு எதிரே நம் சமயத்தார் நடத்தும் பறவை மருத்துவமனையில், ஊனுண்ணும் பறவைகளுக்கு மருந்திடுவர், உள்ளே தங்கவைப்பதில்லை. தம் எல்லையை அறிந்து செய்யும் உதவிக்கு அஃதோர் எடுத்துக்காட்டு.

நம் இல்லங்களுக்கு முற்றிலும் பொருந்தும் தொண்டு பால்குடிப் பருவத்துக் குட்டிகளைக் காத்தலாகும். பிறந்த குட்டி ஏறத்தாழ 100 கிராம் எடையே இருக்கும். முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கொருமுறை, இரவிலும், பாலூட்டல் வேண்டும். பசும்பால் பெரும்பாலும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். குட்டிகளுக்கெனத் தயாரித்த பால்மாவே ஏற்றது. அவற்றுள் சிலவற்றில் முட்டை கலந்திருக்கும். உட்பொருளைப் படித்தறிந்து வாங்குக. மல்லாத்திப் பாலூட்டலாகாது, மூச்சுக்குழலில் பால் இறங்கிவிடும். ஊட்டியபின் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சினால் அடிப்புறத்தைத் துடைத்தால்தான் சிறுநீரும் மலமும் கழியும். தாய் நாவினால் நக்கிச் செய்யும் பணி அது. நான்கு வாரம் ஆனபின், திட உணவு பழகும் வேளையில் காப்பகத்திடம் ஒப்படைத்துவிடலாம். பல காப்பகங்களில் இத்தகைய குட்டிகளுக்கு இரவில் பாலூட்ட ஆளில்லை என்பதே பெருங்குறை.

நாம் மூன்று குட்டிகளை ஏற்றோம். மூன்றும் பிழைத்து, வேறு இல்லங்களுக்குச் சென்றன. ஒப்படைத்த நாளில் மனம் வருந்தியது உண்மையே. ஆயினும் அவ்வருத்தம் நாய்களை இழந்தபோது உற்றது போன்றதன்று. தனது என்று கொள்ளாமல் அன்பு செய்யவும், உரிய நாளில் விட்டுக்கொடுக்கவும் அச்சில வாரங்கள் நம்மைப் பயிற்றின. பற்றைக் குறைக்க விரும்புவோர்க்கு, கதவடைத்துக்கொள்வதினும் இஃதே நல்ல பயிற்சி.

உணவு, மருந்து, கல்வி, அபயம் என நம் முன்னோர் வகுத்த நால்வகைத் தானங்களுள், ஒரு குட்டியைக் காப்பவர் உணவும் மருந்தும் அபயமும் ஈகின்றார். அதனைக் காணும் வீட்டுச் சிறுவர் கல்வியும் பெறுகின்றனர். வளர்த்த உயிரைப் பிரிந்து வாடும் அன்பர்கள், அத்துயரின் ஒரு பகுதியையேனும் உயிரோடிருப்பவற்றின் பொருட்டுச் செலவிட வேண்டுகிறோம்.