சேறு அகற்றும் திருத்தொண்டு



மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றாலும் சிறப்புற்று விளங்குவது சிவாலயம் என்பர் பெரியோர். மூர்த்தியை நாடோறும் வணங்குகின்றோம். தலத்தைக் கூட்டி மெழுகிக் கோலமிடுகின்றோம். தீர்த்தத்தை மட்டும் மறந்துவிடுகின்றோம். சருகும், வாடிய மாலைகளும், பொலித்தீன் பைகளும் விழுந்து நீர் கலங்கி நாற்றமெடுத்த பின்னரே குளம் என்று ஒன்று இருப்பது நம் நினைவுக்கு வருகின்றது.

திருவாரூரிலே தியாகராசப் பெருமான் திருக்கோயிலுக்கு மேற்கே கமலாலயம் என்னும் திருக்குளம் உள்ளது. கோயிலும் ஐந்து வேலி, குளமும் ஐந்து வேலி என்று ஊரார் பெருமையாகச் சொல்லும் குளம் அது. முன்னொரு காலத்தில் அதைச் சூழச் சமணர் பாழிகள் பெருகியதால் குளம் குறுகிப் போயிற்று. அதனைக் கண்டு வருந்தி மண்வெட்டி எடுத்தவர் தண்டியடிகள் நாயனார். அவரோ பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர்!

அவர் செய்த உபாயத்தைப் பெரியபுராணம் விளக்கமாகக் கூறுகின்றது. குளத்தினுள்ளே ஒரு தறி நட்டார். கரையிலே ஒரு தறி நட்டார். இரண்டையும் கயிற்றால் இணைத்தார். கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டிக் கூடையில் நிரப்பி, கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறிக் கொட்டினார். சிற்றுயிர்கள் மாளும் என்று சமணர் தடுத்தனர். பின்பு மண்வெட்டியையும் கூடையையும் பறித்தனர். இறைவன் கனவிலே தோன்றி ஆறுதல் கூறினான். மறுநாள் அரசன் முன்னிலையில் நாயனார் திருவைந்தெழுத்தை ஓதிக் குளத்தில் மூழ்கிக் கண்பெற்று எழுந்தார்.

அடியார்களே, ஒன்றைக் கவனியுங்கள். "கண்ணைத் தந்தால் தொண்டு செய்வேன்" என்று அவர் நேர்த்தி வைக்கவில்லை. கண் இல்லாத நிலையிலேயே தொண்டைத் தொடங்கினார். சேற்றை வெட்டியதோடு நில்லாமல் ஒவ்வொரு கூடையையும் கரைக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்.

இது ஏன் முக்கியம்? கொட்டாஞ்சேனையில் வாழும் நமக்கு நீர் குழாய் வழியே வருகின்றது. கொழும்புக்கு வரும் நீரிற் பெரும்பகுதி களனி கங்கை நீரே. மழைக்காலத்தில் அது செம்மண் கரைந்து தேநீர் போல ஓடும். அந்த நுண்ணிய மண்துகள்கள் ஒரேவகை மின்னேற்றம் உடையவையாதலால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். எளிதில் அடியில் தங்கா. படிகாரம் போன்ற பொருளைச் சேர்த்தால் அவை திரண்டு கீழே படியும். அம்பத்தலை நீர் சுத்திகரிப்பு நிலையத்திலும் நீரைத் தெளிவிப்பது இந்த முறையிலேதான். நம் பாட்டிமார் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்திலே தேய்த்ததும் இதற்காகவே.

ஆனால் நீர் தெளிந்துவிட்டால் வேலை முடிந்துவிடுமா? சேறு அடியிலேதானே கிடக்கின்றது! ஒருவர் கால் வைத்தாற் போதும், குளம் முழுவதும் மீண்டும் கலங்கும். ஆகவே முதலில் அழுக்கு வரும் வழியை அடைக்க வேண்டும். இரண்டாவது, கலக்காமல் படியவிட வேண்டும். மூன்றாவது, படிந்த சேற்றை வாரி வெளியேற்ற வேண்டும்.

நம் மனமும் இப்படியே. கொடியேறினால் பத்து நாளும் விரதம், தேவாரம், மௌனம். மனம் தெளிந்தது போலத் தோன்றும். தீர்த்தம் முடிந்த மறுநாள் யாரோ ஒரு வார்த்தை சொல்கின்றார். அடியிற் கிடந்த பழைய கோபம் முழுவதும் மேலே வந்துவிடுகின்றது. காணிப் பங்கிலே பேச்சை நிறுத்திய அண்ணனும் தம்பியும் ஒரே சந்நிதியிலே ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றார்கள். இருவர் நெற்றியிலும் திருநீறு. இருவர் நெஞ்சிலும் சேறு.

சேறு ஒரே நாளிற் போகாது. நாயனார் கூடை கூடையாகத்தான் எடுத்தார். அவருக்குக் கயிறு வழிகாட்டியது. நமக்குத் திருவைந்தெழுத்து வழிகாட்டும். அதனைப் பற்றிக்கொண்டு இறங்குவோம். இம்முறை திருவிழாவுக்கு வருமுன் பகைத்தவர் வீட்டுக்கு ஒருமுறை போய், "சுகமாக இருக்கிறீர்களா?" என்று கேட்போம். அது முதற் கூடை. திருவிழா முடிந்தபின் கோயில் வீதியிற் கிடக்கும் குப்பையைக் குனிந்து எடுப்போம். அது இரண்டாவது கூடை. மற்றவற்றுக்கு எம்பெருமான் துணை நிற்பான்.

திருச்சிற்றம்பலம்.