வயதைக் கூட்டியும் குறைத்தும்

விளையாட்டில் பொய் சொல்லலாமா என்று கேட்டால், கூடாது என்று எவரும் உடனே விடை பகர்வர். ஓர் ஏழைச் சிறுவனின் வாழ்வுக்காகப் பொய் ஒன்று சொல்லலாமா என்று கேட்டால், அதே நா சற்றுத் தயங்கும். இவ்விரு வினாக்களும் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், பங்கு அலுவலகத்தில், ஒன்றாக நம்முன் வந்து நின்றன. அன்று தொடங்கிய சிந்தனை இன்னும் முடியவில்லை. அதை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

காஞ்சிபுரத்தைக் கோயில் நகரமென்றும் பட்டு நகரமென்றும் உலகம் அறியும். ஹாக்கி நகரம் என்ற பெயர் தெற்கே கோவில்பட்டிக்கு உரியது. எனினும் இங்கும் விடியற்காலையில் மண் திடலொன்றில் மட்டைகளின் ஓசை கேட்பதுண்டு. வட்டார அளவிலான இளையோர் பயிற்சித் திட்டத்தில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் சேர்ந்திருந்தனர். குருமடத்தில் மட்டை பிடித்துப் பழகிய நாம், காலைத் திருப்பலி முடிந்தபின் பயிற்சியாளருக்குத் துணையாகச் சென்று நிற்போம். பந்தை நிறுத்துவது, தோழன் ஓடிவரும் இடமறிந்து தள்ளிக்கொடுப்பது, மட்டையின் தட்டையான பக்கத்தால் மட்டுமே ஆடுவது என்று பாடம் தொடங்கும். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கும் இவ்வாட்டத்தில் தனி மட்டை கிடையாது. விதி எல்லாருக்கும் ஒன்று என்பதைச் சிறுவர்கள் முதலில் கற்பது அங்கேதான்.

பெற்றோர் இப்பயிற்சியைப் பொழுதுபோக்காகக் கருதுவதில்லை. அரியலூரைச் சேர்ந்த கார்த்தியும் கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோவில்பட்டி மையத்தில் பயின்று, 2022-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டிக்கான இந்திய அணியில் இடம்பெற்றனர். இருவரும் எளிய குடும்பத்துப் பிள்ளைகள். விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தால் உணவும் உறையுளும் அரசின் பொறுப்பு. பின்னாளில் அரசுப் பணியிலும் விளையாட்டு வீரருக்கென 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. தறிக்குழியில் கால் மரத்துப்போன தந்தைக்கு இது மகனின் விடுதலையாகத் தோன்றுவதில் வியப்பென்ன?

அத்தகைய தந்தை ஒருவர்தாம் அம்மாலை மகனோடு வந்தார். பள்ளி விளையாட்டுப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவுகளாக நடைபெறுகின்றன. 14 வயதுப் பிரிவுக்கான தேர்வு நெருங்கியிருந்தது. சிறுவனோ அவ்வெல்லையை நான்கு மாதம் தாண்டிவிட்டான். "திருமுழுக்குச் சான்றிதழில் பிறந்த வருடத்தை ஒன்று தள்ளி எழுதித் தாருங்கள், சாமி. அதைக் காட்டிப் பள்ளிப் பதிவைத் திருத்திக்கொள்ளலாம் என்கிறார்கள். ஒரு வருடம்தானே? யாருக்கு என்ன நட்டம்?" என்றார்.

திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 877-ஆம் விதி, திருமுழுக்கு நாளோடு பிறந்த நாளையும் பிறந்த இடத்தையும் பதிவேட்டில் எழுதவேண்டுமெனப் பணிக்கிறது. அதைச் சொல்லி மறுப்பது எளிது. ஆனால் பசியோடு வந்தவனிடம் சட்ட எண்ணைச் சொல்லி அனுப்புவது மேய்ப்புப்பணி ஆகுமா என்ற கூச்சம் நம்மைத் தடுத்தது. ஆகவே அவருக்குத் தெரிந்த தொழிலை வைத்தே பேசினோம். "தம்பி, போலிச் சரிகை போட்ட சேலையை அசல் என்று சொல்லி விற்பீர்களா?"

அவர் சிறிதும் தயங்கவில்லை. "விற்றிருந்தால் பிழைத்திருப்பேன், சாமி. விற்காததால்தான் இப்படி வந்து நிற்கிறேன்" என்றார். பிறகு குரல் தாழ்த்தித் தொடர்ந்தார். "எனக்குப் பத்து வயதில், பதினான்கு ஆகிவிட்டது என்று சொல்லித் தறியில் உட்காரவைத்தார்கள். அப்போது எந்தச் சாமியும் பதிவேட்டைத் திறந்து பார்க்கவில்லை."

இச்சொல்லுக்கு நம்மிடம் விடை இல்லை. காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வையில் இருக்கிறது. உடலையும் கரையையும் வெவ்வேறு நாடாக்களால் நெய்து ஒன்றாகக் கோப்பதற்கு, நெசவாளருக்கு அருகே அமர்ந்து கரையின் நாடாவை எறிய இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் நெடுங்காலம் ஒரு குழந்தையாகவே இருந்தார். 14 வயது நிறையாதவர்களை நெசவு உள்ளிட்ட பல வேலைகளில் அமர்த்தலாகாதென 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. குடும்பத்தார் துணையோடு நடக்கும் தொழிலுக்கு மட்டும் அன்று விலக்கு இருந்தது. ஆனாலும் 1990-களில், குருமாணவராக இந்நகரின் தெருக்களில் வீடு சந்திக்கச் சென்ற நாள்களில், முன்பணக் கடனுக்காகப் பிறர் தறியில் அமர்ந்திருந்த சிறுவரை நாம் கண்டிருக்கிறோம். வயது கேட்டால் பெரியவர்கள் முந்திக்கொண்டு ஒரு விடை சொல்வர். நாமும் தலையசைத்து, செபித்து, வெளியேறியிருக்கிறோம்.

அன்று தறிக்காக வயதைக் கூட்டினோம். இன்று திடலுக்காகக் குறைக்கப் பார்க்கிறோம். இரண்டு வேளையிலும் கணக்கு எழுதுவது பெரியவர் கை. குழந்தை அந்தக் கணக்கில் ஓர் எண். தந்தையின் அன்பை நாம் ஐயுறவில்லை. தறிக்கு அனுப்பியவரிடமும் ஒருவகை அன்பு இருந்திருக்கக்கூடும். தேவை நெருக்கும்போது, பிள்ளை யார் என்பதைக் காட்டிலும் பிள்ளை எதற்குப் பயன்படுவான் என்பதே முன்னால் வந்துவிடுகிறது. அங்கேதான் தீங்கு தொடங்குகிறது என்று எண்ணுகிறோம்.

குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்ம்மையும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது வள்ளுவர் கருத்து. தூய அகுஸ்தினாரோ உயிரைக் காப்பதற்காகவும் பொய் ஆகாதென்று மறுத்தார். குருமடத்தில் இவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்தி வாதிட்ட நாள்கள் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்த வழக்கில் இருவரும் ஒரே பக்கம் நிற்கின்றனர். ஏனெனில் வள்ளுவர் எந்த நன்மையையும் சொல்லவில்லை. குற்றமற்ற நன்மையையே சொன்னார். அணியில் 18 இடங்கள் என்று கொள்வோம். ஒரு பெயர் பொய்யால் உள்ளே வந்தால் 19-ஆம் பெயர் ஒன்று வெளியே போகும். அவனும் ஒரு நெசவாளர் மகனாகவோ, செங்கற்சூளைத் தொழிலாளியின் மகனாகவோ இருக்கலாம். தனக்கு நேர்ந்தது என்னவென்றே அவன் அறியமாட்டான். தனக்குத் திறமை போதவில்லை என்று நம்பி மட்டையைக் கீழே வைத்துவிடுவான். யாருக்கு நட்டம் என்ற கேள்விக்கு இதுதான் விடை.

வயதைக் குறைத்துச் சேரும் பிள்ளைக்கும் இழப்பு உண்டு. பதின்மூன்றுக்கும் பதினைந்துக்கும் இடையே உடல் வளரும் வேகம் பெரிது. மூத்தவன் தோள் வலிமையால் இளையவரைக் கடந்து சென்று கோல் போடுவான், பயிற்சியாளர் மகிழ்வார், கோப்பையும் வரும். பந்தைப் பணியவைக்கும் மணிக்கட்டு நுட்பத்தைக் கற்கும் தேவை அவனுக்கு நேராது. பத்தொன்பதை எட்டும்போது மற்றவரும் வளர்ந்து நிற்பர்; அப்போது அவனிடம் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. எலும்பை ஊடுகதிரில் பார்த்து வயதைக் கணிக்கும் சோதனைகள் வந்துவிட்டன. வயது மோசடிக்கு எதிராக மத்திய விளையாட்டு அமைச்சகம் வகுத்த விதித்தொகுப்பும் இருக்கிறது. அகப்பட்டால் தடை விழுவது அந்தப் பிள்ளையின் பெயருக்கே. பந்தய விதியை மீறியவனுக்கு வாகை இல்லை என்று தூய பவுல் திமொத்தேயுவுக்கு எழுதியதை இங்கே நினைக்கிறோம்.

இவற்றையெல்லாம் அன்று நாம் கோவையாகச் சொல்லவில்லை. முடிவு எடுத்துத் தந்தவன் அச்சிறுவனே. கதவருகே நின்றவன் மெல்லக் கேட்டான்: "சாமி, இனிமேல் யாராவது வயசு கேட்டால் நான் எதைச் சொல்வது?" தந்தை தலைகுனிந்தார். நாம் பதிவேட்டில் உள்ளபடியே சான்றிதழ் எழுதிக் கொடுத்தோம். அவர் அதை வாங்காமலே போய்விட்டார்.

கட்டுரை இவ்விடத்தில் முடிந்தால் நமக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் மனச்சான்று அதற்கு இடந்தரவில்லை. அன்று நாம் உண்மை சொன்னோம். அதற்கு நாம் கொடுத்த விலை என்ன? ஒன்றுமில்லை. விலை கொடுத்தவன் அச்சிறுவன். விடுதிக்கான வழி அவ்வாண்டு அவனுக்கு அடைந்துபோயிற்று. பிறருடைய செலவில் உண்மையாக இருப்பது எளிது. "எந்தச் சாமியும் திறந்து பார்க்கவில்லை" என்ற சொல் நம்மை உறுத்தியதும் அதனால்தான். ஏழையிடம் வாய்மையைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டென்றால், அவ்வாய்மையின் சுமையில் ஒரு பங்கைத் தாங்கும் கடமையும் நமக்கு உண்டு.

பயிற்சியாளரோடு பேசி அவனை 17 வயதுப் பிரிவினரோடு சேர்த்தோம். அங்கே அவன்தான் மிகச் சிறியவன். முட்டைக்கும் பாலுக்கும் மாலைப் பாடத்துக்கும் பங்கின் இளைஞர் சிலர் பொறுப்பேற்றனர். முதலாண்டுத் தேர்வில் அவன் இடம்பெறவில்லை. அடுத்த ஆண்டும் என்னவாகும் என்று நம்மால் சொல்ல இயலவில்லை. பெரியவர்களின் தோளோடு மோத முடியாததால், பந்தைத் திருப்பிக்கொண்டு இடைவெளியில் நழுவ மட்டும் கற்றிருக்கிறான். தந்தை பல மாதங்கள் கோயிலுக்கு வரவில்லை. இப்போது வருகிறார்; நம்மோடு பேசுவது குறைவு. அதை அவரது உரிமையென்றே ஏற்கிறோம்.

ஆசிரியராக, பயிற்சியாளராக, அலுவலராக இருக்கும் அன்பர்களிடம் இத்தகைய பெற்றோர் நாளையும் வருவர். மறுக்கத்தான் வேண்டும். மறுத்தபின் அவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள். அவருடைய பிள்ளைக்கு நம்மால் என்ன செய்ய முடியும் என்று கேளுங்கள்.