துணிவுக்குப் பரிசு யார் தருவது?

கன்னிவாடி போன்ற ஓர் ஊரில் ஒருவர் சிறிய வாரப் பத்திரிகை நடத்துவதாக வைத்துக்கொள்வோம். மலையடிவாரத்துப் பேரூர், ஒருவரையொருவர் அறியாதவர் இல்லை. கோயில் நிலத்தை வளைத்துப் போட்ட ஒரு பிரமுகரைப் பற்றி ஆசிரியர் எழுதிவிடுகிறார். மறுநாள் காலை அதே பிரமுகரைத் தேநீர்க் கடை வாசலில் சந்தித்தாக வேண்டும். பிரமுகருடைய தம்பி கடை விளம்பரந்தான் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தைக் காப்பாற்றுகிறது. தலைநகரத்து ஆசிரியர் அமைச்சரைத் தாக்கி எழுதிவிட்டு, அவர் முகத்தில் விழிக்காமலே காலத்தைக் கழித்துவிடலாம். சிற்றூர்க்காரருக்கு அந்த வசதி ஏது?

இத்தகையவர்களின் துணிவைப் பாராட்டப் பரிசுகள் இருக்கின்றன. நல்லதுதான். ஆனால் பரிசு கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா?

அமெரிக்காவில் மிஸிஸிப்பி மாநிலத்து லெக்ஸிங்டன் என்னும் சிற்றூரில் பத்திரிகை நடத்தியவர் ஹேஸல் பிரான்னன் ஸ்மித் என்ற அம்மையார். கறுப்பின இளைஞன் ஒருவனைச் சுட்ட ஷெரிபை 1954-ல் அவர் கண்டித்து எழுதினார். அவதூறு வழக்கு வந்தது; மேல் நீதிமன்றத்தில் அம்மையாரே வென்றார். ஊர் மட்டும் மன்னிக்கவில்லை. விளம்பரங்கள் நின்றன, கணவர் வேலை இழந்தார், போட்டிப் பத்திரிகை ஒன்றும் முளைத்தது. 1964-ல் புலிட்ஸர் பரிசு அவரைத் தேடி வந்தது. தலையங்கத்துக்காக அதைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. ஆயினும் கடன் அடையவில்லை. 1985-ல் பத்திரிகை மூடப்பட்டது. உலகம் மாலையிட்டது, உள்ளூர் கைவிட்டது.

நம் மொழியிலேயே ஓர் உதாரணம் உண்டு. யாழ்ப்பாணத்து 'உதயன்' அலுவலகத்தில் 2006 மே 2-ம் தேதி ஆயுதம் ஏந்தியவர்கள் புகுந்து, ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆசிரியர் கானமயில்நாதன் பல ஆண்டுகள் அலுவலகத்திலேயே தங்கிப் பணி செய்தார். 2013 ஏப்ரலில் அச்சு இயந்திரத்துக்குத் தீ வைத்தார்கள். அவ்வாண்டே எல்லைகளற்ற பத்திரிகையாளர்கள் அமைப்பு அப்பத்திரிகைக்குப் பரிசளித்தது. இத்தனைக்குப் பிறகும் 'உதயன்' நிற்கவில்லை. பரிசு வருவதற்கு முன்பே, நாள்தோறும் காசு கொடுத்து அதை வாங்கிப் படித்த கைகள் இருந்தன அல்லவா?

தொலைவிலிருந்து வரும் பரிசுக்கும் பயன் உண்டு. பலர் கண் பார்க்கிறது என்று தெரிந்தால், அடிக்க ஓங்கிய கை சற்றே தயங்கும். ஆனால் அந்தப் பரிசு மளிகைக் கடன் தீர்க்காது. ஊர்க் கூட்டத்தில் தனியே உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் வந்து உட்காராது.

"எங்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறதே, ஐயா!" என்பீர்கள். நியாயமே. எல்லாரும் வீரராக வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. உண்மையை எழுதிய வாரத்தில் சந்தாவை நிறுத்தாமல் இருக்கலாம். தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பாமல், சௌக்கியமா என்று கேட்கலாம். இதற்குப் பெரிய துணிவு தேவையில்லை. சிறிது நன்றி இருந்தால் போதும்.

வீரம் அரிதாயிருப்பதில் வியப்பில்லை. அதைக் கண்ட பிறகும் அக்கம்பக்கத்தாரின் நன்றி அரிதாயிருப்பதுதான் வெட்கப்பட வேண்டியது.