கிளாத்தியின் பூட்டு

பாலவாக்கத்தில் எங்கள் தெரு கடற்கரையில் போய் முடிகிறது. வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. ஆனாலும் கூடத்தில் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்கு வேண்டிய கடலை நான் பாக்கெட்டில்தான் வாங்குகிறேன். ஆர்.ஓ. தண்ணீரில் செயற்கை உப்பைப் போட்டு, லிட்டருக்கு 35 கிராம் அளவுக்குக் கரைத்து, சில்லர் வைத்து 26 டிகிரிக்குக் குளிரவைத்து ஊற்ற வேண்டும். கரையோரத்துக் கடல்நீரில் வண்டலும் ஊர்க் கழிவும் கலந்திருக்கும். அதை நம்பித் தொட்டியில் ஊற்ற முடியாது. "பக்கத்துலயே கடல வெச்சிக்கிட்டு உப்புத்தண்ணிக்குக் காசு அழறவன் நீ ஒருத்தன்தான்டா" என்பார் அம்மா. வெகுநாள் அதைக் கேலியாக மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

தொட்டியில் இருப்பது ஒரு கிளாத்தி. டிரிகர் ஃபிஷ் என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். அதிலும் இது ஓடோனஸ் நைகர் என்ற வகை, கடைக்காரர்கள் வாயில் வெறும் 'நைஜர்'. நீலமும் ஊதாவும் கலந்த உடம்பு, பிறைபோல வளைந்த வால், சிவப்புப் பற்கள். 2017இல் கொளத்தூரில் வாங்கியபோது தீப்பெட்டி நீளம் இருந்தது. இப்போது ஒரு சாண். கிளாத்தியைப் பவளத் தொட்டியில் விடாதே என்பதுதான் அனுபவசாலிகளின் அறிவுரை. நண்டு, நத்தை, இறால் எதையும் மிச்சம் வைக்காது, கற்களைப் புரட்டிப் போடும். நைஜர் முக்கியமாக மிதவையுயிர்களைத் தின்பது என்பதால் கொஞ்சம் சாது.

நம் நாட்டில் கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அதாவது, புலிக்கு உள்ள காப்பு அவற்றுக்கும் உண்டு. ஆகவே என் தொட்டியில் செயற்கைக் கற்களும் கொஞ்சம் மென்பவளங்களும் மட்டும்தான். சட்டப்படி நான் சுத்தம். இந்தக் கட்டுரை சட்டம் முடிகிற இடத்திலிருந்து ஆரம்பிக்கிறது.

கிளாத்தியின் இரண்டு கண்களும் தனித்தனியாகத் திரும்பக்கூடியவை. நான் கூடத்துக்குள் வந்தால் ஒரு கண் என்மீதும் இன்னொன்று தீனி டப்பாமீதும் இருக்கும். என் விரலிலிருந்து இறால் துண்டை வாங்கித் தின்னும். மகள் கையை நீட்டினால் ஒதுங்கிவிடும். அதில் எனக்கு ஒரு பெருமை. அது என்னை நம்புகிறது என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மின்சாரம் போய் இன்வெர்ட்டரும் சாயங்காலத்தோடு தீர்ந்துவிட்டது. தண்ணீர் அசையாமல் நின்றால் பிராணவாயு குறைந்து மீன் செத்துவிடும். ராத்திரி முழுக்க நானும் மகளும் முறைவைத்து மக்கால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். நடுவில் டார்ச் அடித்துப் பார்த்தபோது கிளாத்தி கல்லிடுக்கில் சொருகிக்கொண்டு கிடந்தது.

கிளாத்தி அப்படித்தான் தூங்கும். முதுகின் முதல் முள்ளை நிமிர்த்தும். இரண்டாவது முள் அதற்கு முட்டுக்கொடுத்துப் பூட்டிவிடும். பிறகு எந்தப் பெரிய மீன் இழுத்தாலும் இடுக்கிலிருந்து வராது. முதல் முள்ளை எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது. இரண்டாவதை அழுத்தினால் உடனே மடங்கும். துப்பாக்கி விசையை நினைவூட்டும் அந்தப் பொறியிலிருந்துதான் ஆங்கிலப் பெயரே வந்தது. இதை மகளுக்குச் சொன்னேன். அவள் கேட்டாள்: "இங்க வேற யாருமே இல்லியேப்பா. யாருக்குப் பயந்து பூட்டிக்குது?"

அது இயல்பூக்கம்மா, பழக்கம் என்றேன். உண்மைதான். ஆனால் அந்த அறையில் அதைவிடப் பெரிய உயிர் நாங்கள் இரண்டு பேர்தான்.

அதற்குப் பிறகு எனக்கு நானே சொல்லிவந்த சமாதானங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். முதலாவது, காசிமேட்டுச் சமாதானம். இதே இனம் விசைப்படகு வலைகளில் கூடை கூடையாக வருகிறது. நிறைய மீன்தூள் அரைக்கப் போகிறது. என்னிடம் வந்ததால் இது ஒன்றாவது பிழைத்தது அல்லவா? கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் என் மீன் அந்தக் கூடையிலிருந்து வரவில்லை. அழகுமீனை உயிர் போகாமல், காயம் படாமல் தனியாகப் பிடிக்கிறார்கள். ஏன் பிடிக்கிறார்கள்? என்னைப்போல் ஒருவன் காசு கொடுப்பான் என்பதால். என் பணம் அதைக் காப்பாற்றவில்லை, பிடித்து வரச் சொன்னது.

இரண்டாவது, சோறு போடுகிறேனே என்ற சமாதானம். ஜீவகாருண்யத்தில் பசி தீர்ப்பதையே முதலில் வைத்தார் வள்ளலார். தினம் இரண்டு வேளை கை நனைத்துத் தீனி கொடுக்கும்போது எனக்கும் அப்படியொரு நிறைவு வரும். ஆனால் ஏழையின் பசியை வள்ளலார் உண்டாக்கவில்லை. இந்த மீன் தன் இரையைத் தானே தேட முடியாதபடி ஆக்கியது என் கண்ணாடி. நானே அடைத்துவைத்த பசிக்கு நானே சோறு போட்டுப் புண்ணியம் தேடுகிறேன்.

குப்பத்து நண்பர் ஒருவர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். "இன்னா சார், கிளாத்திக்குப் போய் ஏசி போட்டு வெச்சிகிறீங்க! தோல உரிச்சி கொழம்பு வெச்சா சூப்பரா இருக்கும்" என்று சிரித்தார். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், "ஒண்டியாவா கீது? இது கூட்டமா திரியிறதாச்சே சார்" என்றார். நீரோட்டத்தில் நூற்றுக்கணக்கில் சேர்ந்து மேய்கிற மீன் இது என்பது எனக்கும் தெரியும். மீனைத் தின்கிறவருக்கு அதன் தனிமை கண்ணில் பட்டது. வளர்க்கிறவன் அதைப் பார்க்காமலிருக்கப் பழகியிருந்தேன்.

"அவ்ளோ உறுத்துனா கடல்ல கொண்டுபோய் விட்டுடேன்" என்கிறார் அம்மா. பாலவாக்கத்துக் கரை மணலும் அலையும்தான். இதற்குப் பாறையும் இடுக்கும் வேண்டும். எந்தக் கடலிலிருந்து பிடித்தார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. வேறு கடல் மீன்களோடு கடைத்தொட்டியில் கிடந்தபோது தொற்றிய நோய் ஏதாவது இருந்தால், அதுவும் இதோடு கடலுக்குள் போகும். கையில் வாங்கித் தின்றே வளர்ந்தது வேறு. விட்டால் எனக்கு நிம்மதி கிடைக்கும். மீனுக்குக் கிடைப்பது வேறு ஏதோ.

சரி, துணைக்கு இன்னொன்று வாங்கலாமா? வாங்கினால் இன்னொரு மீனைப் பிடிக்கச் சொல்கிறேன். வாங்காவிட்டால் என் கொள்கையின் விலையை இதுதான் தனியாகக் கிடந்து கொடுக்கிறது. இரண்டில் எது சரி என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். சுத்தமான விடை கிடைக்கவில்லை. தவறு நடந்தது இங்கே இல்லை, 2017இல் கடையில் "இத குடுங்க" என்று விரல் நீட்டிய இடத்தில். அதற்குப் பின் எந்தப் பக்கம் போனாலும் கொஞ்சம் தவறிலேயே நடக்க வேண்டியிருக்கிறது.

அதனால் முடிவு செய்தது இவ்வளவுதான். இது இருக்கும்வரை குறையில்லாமல் பார்த்துக்கொள்வது, இதற்குப் பிறகு வேறு வாங்காமலிருப்பது. சில்லருக்கும் உப்புக்கும் ஆகிற செலவை அன்பு என்று இப்போது நான் சொல்வதில்லை. அது வட்டி. அசலை அடைக்க வழியில்லை. வருகிறவர்களிடம் அது என்னை நம்புகிறது என்று சொல்வதையும் நிறுத்திவிட்டேன்.

பத்து மணிக்குத் தொட்டி விளக்கு அணையும். அதற்குமேல் நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அது பூட்டிக்கொள்ளும் நேரம்.