தண்டியடிகள் கட்டிய கயிறு

மானிடப் பிறவி கிடைத்தற்கரியது. அதிலும் உடற்குறை இன்றிப் பிறப்பது இன்னும் அரியது என்பது ஒளவைப் பிராட்டியாரின் வாக்கு. சமயப் பிரசங்கங்களில் இது அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. ஆனால் பலர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுகின்றனர். பிராட்டியார் அங்கே நிறுத்தவில்லை. உடற்குறை இன்றிப் பிறந்தாலும் ஞானமும் கல்வியும் வாய்ப்பது அரிது. அவை வாய்த்தாலும் தானமும் தவமும் செய்வது அரிது என்று படிப்படியாக மேலே செல்கின்றார். நல்ல உடல் என்பது அந்த ஏணியின் கீழ்ப்படி மட்டுமே. தம் கைகால் நன்றாக இருக்கின்றன என்று மகிழ்வதோடு ஒருவர் நின்றுவிட்டால், அவர் இன்னும் ஏறத் தொடங்கவில்லை என்பதே பொருள்.

கண்ணில்லாத ஒருவரையோ காலிழந்த ஒருவரையோ கண்டவுடன் நம்மவர் வாயில் வரும் சொல் ஒன்றுண்டு. "எல்லாம் முன்வினைப் பயன்" என்பதே அது. இரக்கத்தோடு சொல்வாரும் உண்டு, இரக்கமின்றிச் சொல்வாரும் உண்டு. எப்படிச் சொன்னாலும் அச்சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகின்றது. வினை அவருடையது, அனுபவிப்பவரும் அவரே, இதில் ஊரவர் செய்ய என்ன இருக்கின்றது என்ற முடிவுக்கு மனம் எளிதாக வந்துவிடுகின்றது. இந்த முடிவு சைவ நெறிக்கு ஒத்ததா என்பது எண்ணிப் பார்க்க வேண்டியதொரு கேள்வி.

சைவசித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூவகைப்படுத்துகின்றது. ஓர் உயிர் இப்பிறவியில் அனுபவிப்பது பிராரத்தம். அதை அனுபவிக்கும்போதே புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். காலிழந்து படியேற முடியாமல் நிற்பவரின் பிராரத்தம் என்ன என்பது இறைவனுக்கே தெரியும். அயலவரின் பேரேட்டைத் திறந்து வாசிக்கும் அதிகாரம் மனிதர் எவருக்கும் கொடுக்கப்படவில்லை. ஆனால் அவரைப் பார்த்தும் பாராதவர் போலப் படியேறிச் செல்பவரின் பேரேட்டில் அந்நேரமே ஒரு புதிய வரி எழுதப்படுகின்றது. அது அவருடைய ஆகாமியம். பிறருடைய பழைய கணக்கை ஆராய்பவர் தம்முடைய புதிய கணக்கை மறந்துவிடுகின்றார்.

சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாறு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கைக் கடந்து ஊரெல்லையைத் தாண்டியபோது அவர் தம் இரு கண்களின் ஒளியையும் இழந்தார். அது தவறுக்குக் கிடைத்த தண்டனை என்பதில் ஐயமில்லை. ஆயினும் திருவெண்பாக்கத்தை அடைந்தபோது இறைவன் அவருக்கு ஓர் ஊன்றுகோலை அருளினார். இன்று பூண்டியில் விளங்கும் அத்தலத்து இறைவனுக்கு ஊன்றீசுவரர் என்ற திருநாமம் அதனாலேயே வழங்குகின்றது. பின்னர்க் காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் ஒளி பெற்றன. தண்டித்தவரே கோலையும் கொடுத்தார் என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. குற்றம் இன்னதென்று நிச்சயமாகத் தெரிந்த இடத்திலேயே இறைவன் கோல் கொடுத்தாரென்றால், குற்றம் என்ன, வினை என்ன என்று எதுவுமே தெரியாத மனிதர் கோல் கொடுக்க மறுப்பதற்கு என்ன நியாயம் உண்டு?

ஆள்வினையுடைமை என்ற அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை, பொறியின்மை எவருக்கும் பழியாகாது, அறிய வேண்டியவற்றை அறிந்து முயலாமையே பழி என்கின்றார். பரிமேலழகர் இவ்விடத்துப் பொறி என்பதற்கு விதி என்று பொருள் கொண்டார். உடலுறுப்பு என்று பொருள் கொள்வாரும் உளர். எவ்வாறு கொண்டாலும், தன்னால் ஆகாத ஒன்றுக்காக ஒருவர் பழிக்கப்படலாகாது என்பது தெளிவு. முயற்சி அவரவர் கையில் இருக்கின்றது. ஆனால் முயற்சி ஒன்று மட்டும் போதுமா? இதற்கு விடை தண்டியடிகள் நாயனாரின் வரலாற்றில் இருக்கின்றது.

திருவாரூரில் பிறவியிலேயே கண்ணொளி இன்றித் தோன்றியவர் தண்டியடிகள். திருக்கோயிலின் மேற்குப் புறத்துத் திருக்குளம் இடம் குறுகிக் கிடப்பதை அறிந்து, அதைத் தாமே தோண்டிப் பெருக்க எண்ணினார். குளத்தினுள்ளே ஒரு தறியும், மண் கொட்டும் கரையிலே ஒரு தறியும் நட்டார். இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். அக்கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டுவார். கூடையில் அள்ளிக் கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறிக் கொட்டுவார். இவ்வாறு நாள்தோறும் அத்தொண்டு நடந்தது. அதை விரும்பாத சமணர் முதலில் தடுத்துப் பேசினர். பின்னர் எள்ளி நகையாடினர். அடிகள் நிறுத்தவில்லை. இறுதியில் அவர்கள் அவருடைய மண்வெட்டியையும் கூடையையும் பறித்து, தறிகளையும் பிடுங்கி எறிந்தனர். அப்போதுதான் அவருடைய வேலை நின்றது. அதன்பின் இறைவன் அருளால், அரசன் முன்னிலையில் அதே குளத்தில் மூழ்கி எழுந்த அடிகளுக்குக் கண்ணொளி வந்தது.

இவ்வரலாற்றைச் சொல்வோர் கண் பெற்ற அற்புதத்தையே பெரிதாகச் சொல்வர். அக்காலத்துச் சமயப் பூசலையும் சிலர் விரித்துரைப்பர். அவற்றை ஒரு புறம் வைத்துவிட்டு அந்தக் கயிற்றைச் சற்றுப் பார்ப்பது நல்லது. கண்ணொளி பெறுவதற்கு முன்னரே அடிகள் குளம் தோண்டினார். கண்ணின்மை அவரை நிறுத்தவில்லை, கேலியும் நிறுத்தவில்லை. கயிறு அறுந்த போதே அவர் நின்றார். அப்படியாயின் தடை அவருடைய கண்ணில் இருந்ததா, அல்லது கயிற்றைப் பிடுங்கியவர்களின் கையில் இருந்ததா? உடலில் இருப்பது குறை. அக்குறையைத் தடையாக மாற்றுவது சுற்றியிருப்போர் செய்வதும் செய்யாது விடுவதுமே.

விடாமுயற்சியைப் புகழ்வது எவருக்கும் இலகுவானது. அதற்குச் செலவில்லை. கண்ணில்லாத மாணவி பரீட்சையில் சித்தியடைந்தால் மாலை போட்டு மேடையில் ஏற்றுகின்றனர். அம்மேடைக்கு ஏறுவதற்குக் கைப்பிடி இருந்ததா என்று எவரும் பார்ப்பதில்லை. முயற்சி தண்டியடிகளுடையது, கயிறு ஊருடையதாக இருக்க வேண்டும். அன்று அவர் கயிற்றையும் தாமே கட்டிக்கொள்ள நேர்ந்தது. இன்றும் பலர் அவ்வாறே தம் கயிற்றைத் தாமே கட்டிக்கொள்கின்றனர்.

இத்தகையோர் எங்கோ சிலர் என்று எண்ணிவிடக் கூடாது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 5 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுள் 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், அதாவது 8.7 வீதத்தினர், பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்ற ஏதேனும் ஒன்றில் இடர்ப்பாடு உடையவர்கள். ஒரு காலத்தில் இளம்பிள்ளை வாதம் பல பிள்ளைகளின் கால்களை முடக்கியது. தடுப்பு மருந்தினால் அது ஒழிந்தது; 1993இன் பின்னர் இந்நாட்டில் எவருக்கும் அந்நோய் கண்டதாக இல்லை. ஆனால் போர் வந்தது. 2009 வரை நீடித்த அப்போரில் எறிகணையாலும் மிதிவெடியாலும் கைகால் இழந்தோர், கண்ணிழந்தோர், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுப் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் வாழ்வோர் வடக்கு கிழக்கில் எத்தனையோ பேர். இப்போது நீரிழிவினாலும் கால்கள் அகற்றப்படுகின்றன. இவை எதுவும் இல்லாவிடினும் முதுமை ஒன்று இருக்கின்றது. இன்று இரண்டு படிகளை ஒரே எட்டில் ஏறும் இளைஞனும் ஒரு நாள் அப்படிகளின் கீழே நின்று மேலே பார்க்கத்தான் போகின்றான்.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. தகைமையுடைய மாற்றுத்திறனாளிகளுக்கு அரச சேவை வெற்றிடங்களில் 3 வீதம் வழங்கப்பட வேண்டும் என்று 1988ஆம் ஆண்டிலேயே சுற்றுநிருபம் வெளிவந்தது. அவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் நிறைவேறியது. பொதுக் கட்டடங்களில் அவர்கள் தடையின்றிச் சென்றுவருவதற்கான ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளிவந்தன. அவை உரியவாறு நடைமுறைக்கு வராத நிலையில் உயர் நீதிமன்றம் 2011இல் கட்டளை பிறப்பித்தது. ஐக்கிய நாடுகள் சபையின் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. கடதாசியில் குறைவில்லை. எனினும் படிக்கட்டைச் சுற்றுநிருபம் இடிப்பதில்லை. அந்தந்தக் கட்டடத்துக்குப் பொறுப்பானவரின் மனமே இடிக்க வேண்டும்.

மனம் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெய்ப்பூர்க் கால் நல்ல சான்று. மேனாட்டிலிருந்து வந்த செயற்கைக் கால்கள் சப்பாத்து அணிந்து, கதிரையில் அமர்ந்து, சமதரையில் நடப்பவருக்காகச் செய்யப்பட்டவை. அவற்றோடு குந்தியிருக்க முடியாது. சேற்று வயலில் இறங்க முடியாது. வெறுங்காலோடு கோயிலுக்குச் செல்லவும் முடியாது. 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்து றப்பரைக் கொண்டு புதிய பாதம் ஒன்றை உருவாக்கினர். சப்பாத்து இன்றியே அதில் நடக்கலாம், குந்தலாம், வயலில் இறங்கலாம். விலையும் குறைவு. காலிழந்தவரை அவருடைய வாழ்க்கையிலிருந்து பிரிக்காமல், அவருடைய வாழ்க்கைக்கு ஏற்பக் காலைச் செய்தனர். அக்கால் 1980களிலேயே யாழ்ப்பாணத்துக்கும் வந்து, போரில் காலிழந்த பெருந்தொகையானோரை மீண்டும் நடக்க வைத்தது.

அக்காலோடு ஒருவர் கோயில் வாசலுக்கு வருகின்றார் என்று வைத்துக்கொள்வோம். "அது காலணியா, காலா?" என்று யாரோ ஒருவர் கேட்கின்றார். கேட்டவருக்குத் தீய எண்ணம் இல்லாமல் இருக்கலாம். ஆசாரம் பற்றிய ஐயமாகவே இருக்கலாம். ஆனால் வந்தவர் மறுமுறை வரமாட்டார். உண்மையில் விடை எளியது. அவரைச் சுமந்து வந்தது எதுவோ அதுவே அவருடைய கால். மற்றவர்கள் கேணியில் கால் கழுவி உள்ளே செல்வது போல அவரும் அதைக் கழுவித் துடைத்துச் செல்லலாம். சக்கர நாற்காலியின் சில்லுக்கும் இதுவே நியாயம். தேவையானால் உள்வீதியில் மட்டும் பயன்படுத்துவதற்கு ஒரு சக்கர நாற்காலியைக் கோயிலிலேயே வைத்திருக்கலாம். ஆசாரத்தின் நோக்கம் தூய்மை. ஆளைத் தடுப்பது அன்று.

கோபுர வாசற்படியை மாற்றுவது ஆகமத்துக்கு ஒவ்வாது என்பது மற்றொரு ஐயம். கோபுர வாசலைத் தொட வேண்டியதில்லை. பெரும்பாலான ஆலயங்களில் பக்கவாசல் உண்டு. சிவாச்சாரியாரையும் ஸ்தபதியாரையும் கலந்து அங்கே ஒரு சாய்தளம் அமைக்கலாம். உயரம் ஓரடியானால் நீளம் பன்னிரண்டடி என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. இதைவிடச் செங்குத்தாக அமைத்தால் தள்ளுபவருக்கும் கடினம், இருப்பவருக்கும் ஆபத்து. திருவிழாக் காலத்தில் சுவாமியின் சகடை ஏறி இறங்குவதற்குப் பலகை போட்டுச் சரிவு அமைக்கும் தொண்டர்களுக்கு இது தெரியாத வேலையும் அன்று. வெளிவீதி மணலில் ஒரு பக்கமாகவேனும் சில்லுப் புதையாத பாதை, படிகளுக்குக் கைப்பிடி, அன்னதான மடத்தில் நிலத்தில் இருக்க இயலாதவருக்கு மேசையும் வாங்கும், அகலமான கதவுள்ள ஒரு மலசலகூடம் ஆகியன போதும். ஒரு திருவிழா இரவில் வாணமாக எரிந்து போகும் பணத்தில் இவற்றுட் சில முடிந்துவிடும்.

இவற்றைத் தானம் என்று எண்ணுவதும் தவறு. மாற்றுத்திறனாளி என்றால் வாசலில் கையேந்துபவர், அன்னதானத்தில் முதற்பந்தியில் இருத்தப்படுபவர் என்ற எண்ணமே ஊரில் வேரூன்றியுள்ளது. அவர் உபயகாரராகவும் வரலாம், திருமுறை ஓதலாம், அறநெறிப் பாடசாலையில் கற்பிக்கலாம், பரிபாலன சபையில் இருந்து கணக்கும் பார்க்கலாம். சாய்தளத்தை எங்கே, எப்படி அமைப்பது என்று முதலில் கேட்க வேண்டியதும் அவரிடமே. கயிற்றை எங்கே கட்ட வேண்டும் என்பது தண்டியடிகளுக்குத் தெரிந்தது போல வேறு எவருக்குத் தெரிந்திருக்கும்?

கோயிலுக்கு வர இயலாத முதியோரும் நோயாளரும் தம்மைத் தரிசிக்கவே இறைவன் தேரேறி வீதிக்கு எழுந்தருளுகின்றார் என்று மகோற்சவத்துக்குப் பெரியோர் விளக்கம் சொல்வர். கர்ப்பக்கிருகத்திலிருந்து தேர்முட்டி வரை, தேர்முட்டியிலிருந்து வீதி வரை அவர் வந்துவிடுகின்றார். எஞ்சியிருப்பது வாசலில் உள்ள மூன்று நான்கு படிகள் மட்டுமே. அந்தத் தூரத்தை அடியார்கள் குறைத்துக் கொடுத்தால் போதும். தண்டியடிகளின் குருபூசை ஆண்டுதோறும் பங்குனிச் சதயத்தில் வருகின்றது. அன்று அவருக்குப் பூவும் தூபமும் சமர்ப்பிப்பதோடு, பக்கவாசற் படியின் உயரத்தை அளந்து பார்ப்பதும் அவருக்குச் செய்யும் பூசையே ஆகும். எல்லாம் வல்ல எம்பெருமான் அதற்கு வேண்டிய மனத்தை யாவருக்கும் அருள்வாராக.