வாக்கும் ஒரு சாட்சியம்தான்

 

தேர்தல் நெருங்கினால் என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: "ஹஜ்ரத், இந்தத் தடவை யாருக்குப் போடலாம்?" பெயர் சொல்ல மாட்டேன். பள்ளிவாசலைப் பிரசார மேடை ஆக்கக் கூடாது என்று தேர்தல் நடத்தை விதி இருக்கிறது. அந்த விதி இல்லாவிட்டாலும் சொல்ல மாட்டேன். வாக்கு என்பது சாட்சியம். 'இந்தப் பொறுப்புக்கு இவர் தகுதியானவர்' என்று அல்லாஹ்வின் முன்னிலையில் சொல்கிறீர்கள். உங்கள் சாட்சியத்தை நான் சொல்ல முடியுமா? நமக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியாகச் சாட்சி சொல்ல வேண்டும் என்கிறது குர்ஆன் (4:135). சாட்சியத்தை மறைப்பதையும் அது தடுக்கிறது (2:283). வாக்குச்சாவடிக்கே போகாமல் வீட்டில் இருப்பவர் இந்த வசனத்தைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

சரி, எதைப் பார்த்து முடிவு செய்வது? உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் இன்னொருவருக்காகச் சாட்சி சொல்ல வந்தார். உமர் (ரலி) மூன்று விஷயம் கேட்டார்கள். நீ அவருக்கு அண்டை வீட்டுக்காரரா? காசு பணத்தில் அவரோடு கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறாயா? அவரோடு பயணம் போயிருக்கிறாயா? மூன்றுக்கும் இல்லை என்றார். அப்படியானால் உனக்கு அவரைத் தெரியாது, பள்ளியில் தொழுவதைப் பார்த்திருப்பாய், அவ்வளவுதான் என்று அனுப்பிவிட்டார்கள் (பைஹகீ).

நம் நிலையும் பெரும்பாலும் அதுதானே? வேட்பாளர் தொப்பி போட்டுக்கொண்டு நம்மோடு நோன்புக் கஞ்சி குடித்தார், அதனால் நல்லவர் என்கிறோம். பொன்னேரி தனித் தொகுதி. இங்கே 'நம்மவர்' என்று ஒருவரை நிறுத்தவே வழியில்லை. அதையும் ஒரு நன்மையாகவே நினைக்கிறேன். ஆளின் தகுதியைப் பார்ப்பதைத் தவிர நமக்கு வேறு சாக்கு கிடையாது.

உமர் (ரலி) கேட்டதையே நம் ஏரிக்கரையில் கேட்டுப் பாருங்கள். முகத்துவாரம் மணல் மூடி, படகு கடலுக்குப் போக முடியாமல் நின்ற நாளில் இவர் வந்தாரா? அதுதான் அண்டை வீட்டுக்காரர் கேள்வி. கொடுக்கல் வாங்கலுக்கு, வேட்புமனுவோடு அவர் கொடுத்த பிரமாணப் பத்திரம் இருக்கிறது. சொத்து, கடன், வழக்கு எல்லாம் அதில் உண்டு. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். படிக்கத் தெரிந்த பிள்ளையை வாசிக்கச் சொல்லி வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து கேளுங்கள். அவர்களுக்கும் தனி வாக்கு, தனிச் சாட்சியம். மூன்றாவது பயணம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கருக்கு விரிக்கும் திட்டத்தைப் பற்றித் தேர்தலுக்கு முன்னால் என்ன பேசினார், ஜெயித்த பிறகு என்ன பேசினார்? கரை அரித்துப்போனால் பட்டினவர் வலைக்கும் நம் வலைக்கும் ஒரே கதிதான்.

ஊர் கூடி, ஜமாஅத் கூடி ஆலோசிப்பது நல்ல வழக்கம். ஆனால் "ஊர் சொல்லிடுச்சு, போட்டேன்" என்ற பதில் மறுமையில் செல்லாது.

இனி, கவரில் வரும் பணம். உலக லாபத்துக்காகவே தலைவரிடம் பைஅத் செய்து, கிடைத்தால் விசுவாசம், கிடைக்காவிட்டால் துரோகம் என்று இருப்பவரை, மறுமையில் அல்லாஹ் ஏறெடுத்துப் பார்க்காத மூவரில் ஒருவராக நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (புகாரி). லஞ்சம் கொடுப்பவர், வாங்குபவர் இருவரையுமே சபித்தார்கள் (திர்மிதி). 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலே பணப் புழக்கத்தால் ரத்தானது நினைவிருக்கும். "வாங்கிக்கிட்டு, மனசுக்குப் பிடிச்சவருக்குப் போட்டா என்ன ஹஜ்ரத்?" என்று ஒரு தம்பி கேட்டார். வாங்கியதே லஞ்சம் தம்பி. யாருக்குப் போட்டாலும் அது ஹலால் ஆகாது. கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். அவர் வாங்க மறுத்தால், நன்மையை எதிர்பார்க்காமல் ஓர் ஏழைக்குக் கொடுத்துவிட்டு, தவ்பா செய்துவிட்டு வாக்குச்சாவடிக்குப் போங்கள்.