கடனோடு வருகிறவர் நமக்கு யார்?

கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் தினமும் இரண்டு வகை வெளிநாட்டவர் வந்து இறங்குகிறார்கள். ஒருவர் சுற்றுப்பயணி. பத்துமலையில் 272 படி ஏறுவார், 42.7 மீட்டர் உயர முருகன் சிலைக்கு முன்னால் படம் எடுப்பார், நம்ம காஜாங்குக்கு வந்து சத்தே சாப்பிடுவார். இன்னொருவர் தொழிலாளி. நேபாளத்திலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்து, நேராகத் தொழிற்சாலை விடுதிக்குப் போவார். நாட்டுக்கு அந்நியச் செலாவணி கிடைப்பதில் இருவருக்கும் பங்குண்டு. ஆனால் முதலாமவரை மட்டும்தான் விருந்தினர் என்கிறோம். இது சரியா?

ரப்பர் கையுறையை எடுத்துக்கொள்வோம். கோவிட் காலத்தில் உலகம் வாங்கிய கையுறைகளில் பாதிக்கும் மேல் மலேசியாவில் செய்தவை. அப்படியும் 2020 ஜூலையில், டாப் குளோவ் நிறுவனத்தின் இரண்டு துணை நிறுவனங்கள் செய்த கையுறைகளை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. கட்டாய உழைப்பு நடக்கிறது என்பது குற்றச்சாட்டு. அதன் வேர் கடன். வேலைக்கு அனுப்பும் ஏஜெண்டுக்குக் கட்ட, சொந்த ஊரிலேயே வட்டிக்கு வாங்கிவிட்டு வந்தவர்கள் அவர்கள். கடன் கழுத்தைப் பிடிக்கும்போது வேலையை விடவும் முடியாது, ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. பிறகு அந்த நிறுவனம் 13 கோடி ரிங்கிட்டுக்கும் மேல் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. 2021 செப்டம்பரில் தடை தளர்ந்தது.

இந்தக் கதை நமக்குப் புதுசு இல்லை. ஒப்பந்தக் கூலியாக மலாயாவுக்கு வந்த தமிழர்களின் கப்பல் செலவும் கடனாகத்தான் எழுதப்பட்டது, சம்பளத்தில் பிடித்தார்கள். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்பட்டது. தோட்ட முதலாளிகள் அதற்குப் பணம் கட்ட வேண்டும், தொழிலாளியின் பயணச் செலவை அந்த நிதி ஏற்கும். 1910-இல் ஒப்பந்தக் கூலி முறையே நிறுத்தப்பட்டது. முதலாளிகளுக்குக் கருணை பிறந்துவிடவில்லை. ரப்பர் தோட்டங்கள் பெருகின, ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

இரண்டு முறையும் நல்லது நடந்தது லாபக் கணக்கினால். அப்படியானால் அது அறமா? பணம் கைக்கு வந்த தொழிலாளிக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை. அவர் வீட்டுக் கடன் அடைந்தது உண்மை. ஆனால் வாங்குகிறவன் பார்க்கிறான் என்பதற்காகச் செய்வது, அவன் பார்க்கிற வரைக்கும்தான் நிலைக்கும். யாரும் பார்க்காத சின்னத் தொழிற்சாலையில் என்ன நடக்கும்? தர்மத்துக்கு வேலை அங்கேதான்.

இதைச் சொன்னபோது என் கல்லூரி நண்பன் கேட்டான்: "நம்ம பசங்களுக்கே வேலை கிடைக்கல. நீ ஏன்டா அவங்களுக்காகப் பேசற?" அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்கை நேராகப் போட்டுப் பார்ப்போம். முதலாளி நம்ம பையனை விட்டுவிட்டு வெளிநாட்டவரை எடுப்பதற்கு ஒரு காரணம், கடன்பட்டவர் எதிர்த்துப் பேசமாட்டார் என்பது. அந்தக் கடன் இல்லை என்றால், இரண்டு பேரும் சமமாக நின்று சம்பளம் கேட்கலாம். அவருக்கு நியாயம் கிடைத்தால் நம்ம பையனுக்கும் வழி திறக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துமலையில் நேபாளத் தொழிலாளர்கள் கும்பிட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களை நம்மவர் என்று நினைப்பது சுலபம். வேறு சாமி கும்பிடுகிற வங்காளதேசத்துக்காரரிடமும் அதே நியாயத்தோடு நடக்கிறோமா என்பதுதான் கஷ்டமான பகுதி. திருக்குறளில் விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஹோட்டலில் தங்குகிறவருக்கு மட்டும் என்று வள்ளுவர் அதைச் சுருக்கவில்லை.

என்னைப் போல இன்ஜினியரிங் படிக்கும் நண்பர்கள் பலர் நாளை இதே ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் சேருவோம். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பெட்டி என்ற கணக்கு நம் கையில்தான் இருக்கும். அந்த இயந்திரத்தின் முன் நிற்பவர் வேலைக்கு வர எவ்வளவு கட்டினார், அவருடைய பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று கேட்க ஒரு நிமிடம் போதும். கேட்டால் மேலதிகாரி முகம் சுளிக்கலாம், பதவி உயர்வுகூடத் தள்ளிப் போகலாம். அது தெரிந்தே கேட்க வேண்டும். நம் கொள்ளுத் தாத்தாக்களுக்காக அன்று தோட்டத்தில் கேட்டவர்கள் மிகக் குறைவு.